பக்கவாட்டுப் படம்

அத்தியாயம் ஏழு

காலை ஒன்பதரைக்குத் தொடங்கிய அவமதிப்பு, ஒன்பதே முக்காலுக்குள் மூன்று சுற்று முடிந்திருந்தது. வந்தவர்களை டாக்டர் உட்காரச் சொல்லவில்லை. அது முதல் சுற்று. அவர்களாக உட்கார்ந்தபோது, பிறகு நாற்காலியைத் துடைக்க ஆள் தேட வேண்டுமே என்பதுபோல் பார்த்தார், அது இரண்டாவது. மூன்றாவது சுற்றில், அண்ணி நீட்டிய முகவரி அட்டையை வாங்கி, படிக்காமலே, ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார்.

"நமக்கு ஒரு வாய் டீ இல்ல. நம்ம கார்டுக்கு மட்டும் உபசாரம் நடக்குது" என்று சோடா முணுமுணுத்தான்.

சோடா என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. மூக்கின்மேல் ஏறி அமர்ந்த சோடாபுட்டிக் கண்ணாடி இட்ட பெயர். அண்ணி அவனுடைய அண்ணன் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு ஆண்டுகள் பொய்க் காயங்களைப் பிடித்துப் பழகியவள். அவள் தனியே துப்பறியும் அலுவலகம் திறந்த நாள்முதல் கார் ஓட்டுவது, கதவு தட்டுவது, வசவு வாங்குவது ஆகிய மூன்று துறைகளும் சோடாவின் பொறுப்பு. மூன்றாவது துறையில் அவனுக்கு ஓய்வே இருந்ததில்லை.

டாக்டர் மெலிந்த, சிறுத்த மேனியர். மூங்கிற் கழிக்கு வெள்ளைக் கோட்டு மாட்டியதுபோல் நின்றார். குரல்மட்டும் அந்த உடம்புக்கு இரண்டு அளவு பெரியது.

"உங்க வேலை ரொம்ப சுலபம். அந்த டைல்ஸ் மேஸ்திரி நடிக்கிறான். எட்டு மாசம் முன்னாடி நான் அவன் வலது இடுப்பை ஆபரேஷன் பண்ணினேன். இப்ப குனிய முடியலங்கறான், வலிக்குதுங்கறான், என்மேல புகார் குடுத்திருக்கான். இன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்கு விசாரணைக் குழு. அதுக்குள்ள, நடிக்கிறான்னு எழுதிக் குடுத்துடுங்க."

"நடிக்கிறாரான்னு பாத்து எழுதறேன் டாக்டர்" என்றாள் அண்ணி. "முடிவு எந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் அறிக்கை நேரா குழுவுக்குத்தான் போகும். அந்த நிபந்தனைக்குக் கீழ உங்க கையெழுத்து இருக்கு."

"போட்டேன். பயம் இருக்கறவன்தான் யோசிப்பான்."

மேசைமேல் இடுப்பெலும்பின் மாதிரியுரு ஒன்று இருந்தது. படைத்தவனின் கைத்திறம் முழுதும் விளங்கும் மூட்டு அது: தொடையெலும்பின் உச்சியில் பந்து, பந்தைத் தாங்கக் கழுத்து, இடுப்பில் அந்தப் பந்தை ஏந்தக் கிண்ணம். நிற்கவும் நடக்கவும் தாழ்ந்து வணங்கவும் மனிதனுக்கு அருளப்பட்ட அந்த மூட்டை, டாக்டர் பழைய பூட்டைக் கையாள்வதுபோல் கையாண்டார்.

"முழு மாற்று ஆபரேஷன்ல பந்தையும் கழுத்தையும் வெட்டி எறிஞ்சுட்டு, ஒல்லியான கம்பிமேல புதுப் பந்து வெப்போம். இது அப்படியில்ல. பந்தோட மேற்பரப்பை மட்டும் செதுக்கி ஒரு உலோகத் தொப்பி மாட்டறது. தொப்பி நடுவுல ஒரு ஆணி இருக்கும். அது கழுத்துக்குள்ள இறங்கி நிக்கும். குழிக்கு ஒரு உலோகக் கிண்ணம். அவ்வளவுதான்."

"அப்போ கழுத்து அவரோட சொந்தக் கழுத்து. கம்பி மாதிரி ஒல்லியா இருக்காது. காலை மடக்கினா கிண்ணத்து விளிம்புல இடிக்காதா?"

டாக்டரின் கண்கள் சுருங்கின. "படிச்சுட்டு வந்திருக்கீங்க. தொப்பியைக் கொஞ்சம் பின்னால தள்ளி மாட்டினா, முன்பக்கம் எலும்பு துருத்திக்கிட்டு நிக்கும். அப்ப இடிக்கும். கத்துக்குட்டிங்க கையில அப்படி நடக்கும். என் கையில நடக்காது. இதைப் பாருங்க."

மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு எக்ஸ்ரே படங்களை எடுத்து விளக்குப் பலகையில் செருகினார். ஒன்று முன்னாலிருந்து எடுத்தது. மற்றது பக்கவாட்டில் எடுத்தது. இரண்டின் மூலையிலும் மேஸ்திரியின் எண். இரண்டிலும் ஆபரேஷனுக்கு மறுநாள் தேதி. பக்கவாட்டுப் படத்தில் தொப்பி கழுத்தின்மேல் கச்சிதமாக அமர்ந்திருந்தது. தொப்பிக்குக் கீழே கழுத்தின் முன்புறம் உடுக்கையின் இடைபோல் உள்வாங்கியிருந்தது. இடிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

சோடா முன்படத்தை நோக்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டான். வெளிப்புறமாக வெள்ளைக் கோடுகள் ஒரு வரிசையாக நின்றன.

"ஏன் டாக்டர், ஆபீஸ் ஸ்டேப்ளரை எடுத்து அடிச்சுட்டீங்களா?"

"தோலை மூடற கிளிப் அது. தையலுக்குப் பதிலா போடறது. பன்னண்டாம் நாள் எடுத்துடுவோம்." டாக்டர் அண்ணியின் பக்கம் திரும்பினார். "இந்த ஆளை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"சிரிக்க வெப்பான்."

"எனக்குச் சிரிப்பு வரல."

"கொஞ்சம் லேட்டா வேலை செய்யும் டாக்டர்" என்றான் சோடா.

டாக்டர் கைப்பேசியை எடுத்து ஒரு காட்சியை ஓடவிட்டார். யாரோ வேலிக்கு வெளியிலிருந்து ஒளிந்து பிடித்தது. அதில் மேஸ்திரி தரையில் சம்மணமிட்டு அமர்ந்து டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தார்; சற்று நேரத்தில் சாதாரணமாக எழுந்து போனார்.

"சம்மணம் போட்டு உக்காருறான்! இடுப்பு வலிக்கறவன் பண்ற காரியமா இது? நான் போட்ட இடுப்பு எப்படி மடங்கணும்னு பாருங்க." கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டாக்டர் அங்கேயே குந்தினார். முழங்கால் இரண்டும் ஒட்டியிருக்க, வலது முழங்காலைமட்டும் ஒருமுறை உட்புறமாகத் திருப்பிக் காட்டி, கை ஊன்றாமல் எழுந்தார். ஐம்பத்தைந்து வயதுக்கு அது வியப்பான எழுச்சி. "காலையில எழுந்ததும் உள்ள ஜில்லுனு ஒரு கரண்டியை வெச்ச மாதிரி இருக்கும். பத்தடி நடந்தா போயிடும். இந்த ஆபரேஷன்ல இருக்கற கஷ்டமே அவ்வளவுதான். அதுக்கு ஒரு புகாராம், ஒரு விசாரணையாம்!"

படங்களின் பிரதிகளை அண்ணி கேட்டாள். சாப்பிட்ட இலையை எடுக்கச் சொல்வதுபோல் கையை அசைத்தார் டாக்டர். அதுவே அனுமதி.

காரில் ஏறியதும் சோடா கைகழுவும் தோரணையில் உள்ளங்கைகளைத் தட்டினான். "முடிஞ்சுது அண்ணி. படம் சுத்தமா இருக்கு. ஆள் சம்மணம் போடறான். மூணு வரி எழுதிட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

"முன்படத்துல கிளிப் எத்தனை?"

"எண்ணலையே."

"பக்கவாட்டுப் படத்துல எத்தனை?"

சோடா பிரதியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். திருப்பிப் பிடித்தான். "ஒண்ணுகூட இல்ல."

"பன்னண்டு நாள் தோல்ல இருக்க வேண்டிய கிளிப். ஒரே நாள்ல எடுத்த ரெண்டு படம். வண்டியை மேஸ்திரி வீட்டுக்கு விடு."

"பக்கவாட்டுல எடுத்தா கிளிப் மறைஞ்சுடும்னு டாக்டர் சொல்லிட்டா?"

"சொல்லுவார். அதனாலதான் அவர்கிட்ட கேக்கல. குழுவுல மூணு பேர். அதுல ஒருத்தர் இந்த ஆபரேஷன் தெரிஞ்ச நிபுணர். ரெண்டு தரப்பும் போய்க் காலைப் பிடிக்கக் கூடாதுன்னு, அவர் யாருங்கறதை அறைக்குள்ள வர்ற வரைக்கும் சொல்ல மாட்டாங்க. அவர் முன்னாடி ஒரு சந்தேகத்தோட போய் நிக்க முடியாது. ரெண்டாவது ஒண்ணு வேணும்."

மேஸ்திரியின் வீட்டு வாசலில் வரவேற்பு வாளியோடு காத்திருந்தது. மேஸ்திரியின் மனைவி, சாந்து கழுவிய நீர் நிறைந்த வாளியை இடுப்பில் ஏந்தி, கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"மறுபடியும் ஒளிஞ்சு படம் பிடிக்க வந்துட்டீங்களா?"

"இல்லீங்க, நாங்க நேர்லயே…" என்று சோடா தொடங்கினான். வாக்கியத்தின் எஞ்சிய பகுதியை வாளி நிறைவுசெய்தது. நெஞ்சிலிருந்து செருப்புவரை சாம்பல் நிறமாக நின்ற அவன், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க உலர்ந்த இடம் தேடினான், கிடைக்கவில்லை. "அண்ணி, சோடாவுல தண்ணி கலந்துட்டாங்க."

அண்ணி ஓரடியும் பின்வாங்கவில்லை. "நாங்க டாக்டர் அனுப்பின ஆளுங்கதான் தங்கச்சி. பொய் சொல்லிட்டு உள்ள வர எனக்கு இஷ்டமில்ல. உங்க வீட்டுக்காரர் நடிக்கிறார்னு எழுதறதுன்னா நான் இங்க வரவே வேண்டாம், ஆபீஸ்லயே எழுதிடலாம். பாத்துட்டுத்தான் எழுதணும்னு வந்திருக்கேன். திறக்கறதும் திறக்காததும் உங்க இஷ்டம்."

"திறந்து விடு" என்றது உள்ளிருந்து ஒரு குரல். "இன்னும் என்ன மிச்சம் இருக்கு பறிச்சுட்டுப் போறதுக்கு?"

மேஸ்திரி வாசற்படியை அடைத்து நின்றார். களிறு ஒன்று கூடத்துக்குள் வந்து நின்றாற்போன்ற உருவம். கையில் ரப்பர் சுத்தியல். நாற்பத்து மூன்று வயது. முகத்தில் பத்து வயது கூடுதல். உள்ளே அவர் சொந்த வீட்டுத் தரை பாதி பதித்தபடி கிடந்தது.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. "சம்மணம் போட்டு உக்காருங்க, பாக்கறேன்."

மேஸ்திரி அலட்சியமாக உட்கார்ந்தார். எளிதாக உட்கார்ந்தார். சோடாவின் ஈர முகத்தில் வெற்றி ஒளிர்ந்தது. "பாத்தீங்களா அண்ணி! பிடிபட்டாச்சு!"

"வாயை மூடு. இப்ப அந்தக் கவுத்த வாளிமேல உக்காருங்க. வேலை செய்யறப்போ டைல்ஸ் இடுக்குல வழிஞ்ச சாந்தைத் துடைப்பீங்க இல்ல? வலது காலை மடக்கி, முழங்காலை உள்பக்கம் சாய்ச்சு, ரெண்டு காலுக்கும் நடுவுல இருக்கற அந்த டைல்ஸைத் துடைங்க."

மேஸ்திரி அவளைப் பார்த்த பார்வையில் பகை இருந்தது. துணியை எடுத்து, வாளிமேல் அமர்ந்து, குனிந்தார். பாதி வழியில் ஓர் ஓசை எழுந்தது: மரக்கதவு நிலையில் முட்டியதுபோல், உடம்பின் உள்ளிருந்து, 'டக்'. மேஸ்திரி கத்தவில்லை. பல்லைக் கடித்தார், நெற்றியில் வியர்வை அரும்பியது. அவர் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஓசையை நடிக்க எந்த நடிகனாலும் ஆகாது. சோடா தன் வாயைத் தானே மூடிக்கொண்டான்.

அண்ணி இடக்கையைக் கிண்ணமாகக் குவித்து, வலக்கை முட்டியை அதில் வைத்தாள். "இது பந்து. என் மணிக்கட்டுதான் கழுத்து. முட்டியை வெளிப்பக்கம் சாய்ச்சா, அதுதான் சம்மணம், முன்பக்கம் திறந்துக்கும், இடிக்காது. மடக்கி உள்பக்கம் திருப்பினா…" மணிக்கட்டு உள்ளங்கை விளிம்பில் முட்டியது. "நடிக்கறவன் இதைச் செய்ய மாட்டான்டா. சம்மணம்தான் கஷ்டம்னு ஊர் நினைக்குது. அதனால நடிக்கறவன் சம்மணத்துக்குத்தான் கத்துவான். இவர் கால் நகத்தைப் பாரு."

சோடா பார்த்தான். இடது கால் நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. வலது காலில் அவை வளர்ந்து வளைந்திருந்தன.

"நான் வெட்டி விடறேன்னாலும் காலை இழுத்துக்கறார்" என்றாள் மனைவி, சுவரைப் பார்த்தபடியே. "பொண்டாட்டி நகம் வெட்டற அளவுக்கு நான் போயிடலைங்கறார்."

"அதை எதுக்கு இவங்ககிட்ட சொல்றே?"

"பின்ன யார்கிட்ட சொல்றது? அந்த டாக்டர்கிட்டயா? வலி இடுப்புல இல்ல, மனசுலன்னு சொல்லி மனநல டாக்டர்கிட்ட அனுப்பினாரே, அவர்கிட்டயா?"

அண்ணியின் குரல் தாழ்ந்தது. "நான் டாக்டர் இல்ல. ஆனா இந்த மாதிரி கேஸ் பாத்திருக்கேன். ஒவ்வொரு 'டக்'குக்கும் அந்த உலோக விளிம்பு உங்க எலும்பைக் கொஞ்சம் கடிக்குது. இதே மாதிரி வேலை செஞ்சுட்டே இருந்தா ஒருநாள் கழுத்து முறிஞ்சுடும். திரும்பத் திறந்து சரிபண்ணணும். குழு இன்னிக்கு 'நடிப்பு'ன்னு எழுதிட்டா, எந்த ஆஸ்பத்திரியும் இந்த இடுப்பைத் தொடாது."

மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்தார். அதுவரை அதை வைக்கவே இல்லை என்பதைச் சோடா அப்போதுதான் கவனித்தான்.

அண்ணி இரண்டு படங்களையும் அவரிடம் நீட்டினாள். "உங்க இடுப்பு. பாருங்க."

மேஸ்திரி சன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் பிடித்தார். இருபத்தைந்து ஆண்டுகள் நூலளவு பிசகைத் தேடிய கண்கள் அவை. ஒரு கண்ணை மூடினார். "ஒரே ஆளோட படம்னா சொன்னாங்க?"

"ஏன்?"

மேஸ்திரி பழைய அட்டையிலிருந்து ஒரு கீற்றுக் கிழித்தார். முன்படத்தில் தொப்பியின் நடுவே இறங்கும் ஆணியின் தடிமனைக் கீற்றில் நகத்தால் குறித்தார். அந்த அளவைத் தொப்பியின் குறுக்கே அடியளப்பதுபோல் வைத்து வைத்து நகர்த்தினார். "ஏழு ஆணி அகலம்." அடுத்து, பக்கவாட்டுப் படத்தின் ஆணிக்குப் புதிதாக ஒரு குறி, அதை அந்தத் தொப்பியின் குறுக்கே நகர்த்தினார். ஆறாவது அடிக்கே தொப்பி முடிந்துபோயிற்று.

"தொப்பி பந்து மாதிரி உருண்டை. ஆணியும் உருண்டை. முன்னால நின்னு பாத்தாலும் சரி, பக்கத்துல நின்னு பாத்தாலும் சரி, படம் பெருசா விழுந்தாலும் சின்னதா விழுந்தாலும் சரி, ஏழுன்னா ஏழுதான் வரணும். ஆறு எப்படி வரும்? இது என் இடுப்பு இல்லம்மா. என்னைவிடச் சின்ன ஆளோடது."

சோடா அட்டைக் கீற்றை எட்டிப் பார்த்தான். "அண்ணி, பதினெட்டு வருஷ அனுபவத்தை அட்டைக் கீத்துல முடிச்சுட்டார்."

"மறுநாள் உங்களுக்கு எத்தனை படம் எடுத்தாங்க?"

"ரெண்டு. ஒண்ணு நேரா படுக்க வெச்சு. ஒண்ணு இந்த நல்ல காலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, பக்கத்துலேர்ந்து. எடுத்தவர் அந்த ரெண்டாவதைப் பாத்துட்டு என்னையும் ஒரு மாதிரி பாத்தார். அப்புறம் அதை நான் பாக்கவே இல்ல."

அண்ணி எழுந்தாள், மறுபடி நின்றாள். "இன்னும் ஒண்ணு. காலையில எழுந்ததும் அந்த இடுப்பு எப்படி இருக்கும்?"

மேஸ்திரி மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "சொன்னா சிரிப்பீங்க. ஈர டைல்ஸை உள்ள வெச்ச மாதிரி ஜில்லுனு இருக்கும். கொஞ்ச தூரம் நடந்தா போயிடும்."

"என்கிட்ட சொன்னதே இல்லையே!" என்றாள் மனைவி.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அந்த ஆள்கிட்ட சொல்லி, அதுக்கும் மனநல டாக்டரா? உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

அண்ணி குறிப்பேட்டை மூடினாள். வண்டியில் ஏறியதும் அதை மறுபடி திறந்து பார்த்தாள். என்ன என்று சோடா நான்கு முறை கேட்டான். நான்கு முறையும் கிடைத்த விடை, "ரோட்டைப் பாத்து ஓட்டு."

விசாரணை அறை நீளமானது, சன்னலற்றது. நீண்ட மேசைக்கு அப்பால் மூன்று நாற்காலிகள். நடுவில் குழுத் தலைவரான முன்னாள் நீதிபதி. இடப்புறம், கடிகாரத்தை நொடிக்கொரு முறை பார்க்கும் அதிகாரி. வலப்புற நாற்காலி காலி. ஒரு சுவரோரம் மேஸ்திரியும் மனைவியும். எதிர்ச்சுவரோரம் டாக்டர், கால்மேல் கால் போட்டு, சாம்பல் பூத்த சட்டையோடு வந்த சோடாவைக் கண்டு முகம் சுளித்தார்.

"கழுவிட்டு வர நேரமில்லையா?"

"இது உங்களுக்காக வாங்கினது டாக்டர். பாதி உங்களுக்குச் சேரணும்."

மூன்று அடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் பக்கக் கதவு திறந்தது. நரைத்த கூந்தலை இறுக முடிந்த அம்மையார் ஒருவர் உள்ளே வந்து, யாரையும் பாராமல், காலி நாற்காலியில் அமர்ந்தார்.

"எலும்பு மூட்டு நிபுணர்" என்றார் தலைவர். "இந்த வகை ஆபரேஷனை முப்பது வருஷமா செய்யறவங்க. ஆரம்பிக்கலாமா?"

டாக்டரின் மேற்கால் கீழே இறங்கியது. எழுந்து நின்றார். காலையில் அறையை நிறைத்த குரல் இப்போது அவர் உடம்பின் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"ஐயா, ஒரு சின்ன வேண்டுகோள். நான் தாக்கல் செஞ்ச படங்கள்ல அந்தப் பக்கவாட்டுப் படம் அவ்வளவு தெளிவா இல்ல. அதைத் திரும்ப வாங்கிக்கறேன். முன்படமே போதும்."

அண்ணி உடனே எழுந்தாள். "ஐயா, என் அறிக்கை உங்க மேசைமேல இருக்கு. டாக்டரே என்னை நியமிச்சார். காலையில அந்தப் பக்கவாட்டுப் படத்தைக் காட்டித்தான், என் கையில தப்பு நடக்காதுன்னு சொன்னார். அவரோட பெரிய சாட்சியே அதுதான். இந்தம்மா உள்ள வந்து உக்கார்ற வரைக்கும் அது தெளிவாத்தான் இருந்துது."

"இவங்களுக்கு மருத்துவம் தெரியாது!"

"தெரியாது. எண்ணத் தெரியும். முன்படத்துல கிளிப் வரிசை இருக்கு; இதுல ஒண்ணுகூட இல்ல. முன்படத்துல தொப்பி ஏழு ஆணி அகலம்; இதுல ஆறு. மேஸ்திரி அளந்து காட்டினார். இது அவர் இடுப்பு இல்ல."

டாக்டர் உதட்டை நனைத்துக்கொண்டார். "அப்படியிருந்தா, எக்ஸ்ரே எடுக்கறவன் என்னோட வேற நோயாளி படத்தை மாத்தி வெச்சிருப்பான். அவன்மேல நடவடிக்கை எடுக்கறேன்."

"உங்க நோயாளியா? ரொம்ப நல்லது. அவர் பேரைச் சொல்லுங்க, கூப்பிடுவோம்."

"அவர்… வெளியூர்."

"குடுங்க அதை" என்றார் அம்மையார்.

படம் விளக்குப் பலகையில் ஏறியது. அம்மையார் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு எழுந்து அருகே சென்றார். கழுத்தின் முன்புறத்து வளைவைச் சுண்டுவிரலால் தொடாமல் தொட்டு வரைந்தார். கடிகாரம் பார்க்கும் அதிகாரியும் அதை மறந்தார்.

"இந்த முன்பக்கத்து வளைவு இருக்கே, இது தானா வராது. தொப்பி மாட்டின பிறகு, இடிக்கக் கூடாதுன்னு துருத்தின எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாச் செதுக்கணும். ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி செதுக்குவாங்க. கையெழுத்து மாதிரி." அவர் திரும்பினார். "இது என் கையெழுத்து. இந்த இடுப்பை நான்தான் பண்ணினேன். யாரோடதுன்னும் எனக்குத் தெரியும். ஆனா என் நோயாளி பேரை நான் வெளியில சொல்லக் கூடாது. நீங்களே சொல்றீங்களா டாக்டர்?"

டாக்டர் கதவைப் பார்த்தார்.

சோடாவுக்கு அப்போதும் விளங்கவில்லை. அண்ணியின் முழங்கையைப் பிடித்து இழுத்தான். அவள் அவனுக்குச் சொல்வதுபோல் அறைக்கே சொன்னாள்.

"தன் நோயாளிங்கள்ல நல்லா அமைஞ்ச ஒரு பக்கவாட்டுப் படம் இருந்திருந்தா, டாக்டர் அதையே வெச்சிருப்பார். இல்ல. அதனால வெளியில எடுத்த படம். ஆனா அவர் மேசை இழுப்பறையிலேயே இருந்த படம், மூலையில எண்ணையும் தேதியையும் மட்டும் மாத்தினா போதும். காலையில குந்திக் காட்டினார். வலது முழங்காலை மட்டும் உள்பக்கம் திருப்பினார். எது உண்மையான சோதனைன்னு அவருக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எங்களுக்குச் சம்மணம் போடற படத்தைக் காட்டினார். அப்புறம் ஒரு வார்த்தை விட்டார். காலையில எழுந்ததும் உள்ள ஜில்லுனு இருக்குமாம், பத்தடி நடந்தா போயிடுமாம். மேஸ்திரி அதை இன்னிக்கு வரைக்கும் பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல. டாக்டருக்கு அது யார் சொல்லித் தெரியும்?"

"யாரும் சொல்லல" என்றான் சோடா மெல்ல. "அவருக்கே ஜில்லுனு இருக்கு."

டாக்டர் நாற்காலியில் அமர்ந்தார். உட்கார்ந்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. இடுப்பு எண்ணெயிட்ட கீல்போல் மடங்கியது.

"இந்தம்மா செதுக்கற முறையைப் பத்தி டாக்டருங்க கூட்டத்துக்குக் கூட்டம் கேவலமாப் பேசினீங்க, கடைசியில அவங்ககிட்டயே போய்ப் பண்ணிக்கிட்டீங்களா?" என்றார் தலைவர், அறிக்கையிலிருந்து கண்ணெடுக்காமல். "நானே ஒண்ணுல இருந்தேன்."

"வலி தாங்கல" என்றார் டாக்டர்.

அம்மையார் மேஸ்திரியின் எதிரில் வந்து நின்றார். "இன்னிக்கே புதுசா ஒரு பக்கவாட்டுப் படம் எடுக்கணும். எலும்பை எவ்வளவு கடிச்சிருக்குன்னு பாத்தாத்தான் செதுக்கினா போதுமா, முழுசா மாத்தணுமான்னு சொல்ல முடியும். குழு எழுத வேண்டியதை எழுதட்டும். நீங்க நேரா என்கூட வாங்க. அது வரைக்கும் வேலைக்குப் போகக் கூடாது."

மேஸ்திரியின் மனைவி, அழப்போகிறவள்போல் முகத்தைச் சுருக்கி, அழாமல் நேரே டாக்டரை முறைத்தாள். அவளிடம் இப்போது வாளி இல்லாததற்காக டாக்டர் தெய்வத்துக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

மேஸ்திரி சுவரைப் பிடித்து எழுந்தார். வலக்காலை இழுத்து இழுத்து அறையின் குறுக்கே நடந்து, டாக்டரின் நாற்காலிக்கு முன் நின்றார். அந்தப் பேருருவின் நிழல் டாக்டர்மேல் முழுதும் விழுந்தது. சோடா தன்னையறியாமல் ஓரடி முன்வைத்தான். அடி விழும் என்றே எல்லோரும் எண்ணினர்.

மேஸ்திரி கையை ஓங்கவில்லை.

"உங்க இடுப்புக்கு நல்ல கையாத் தேடிப் போனீங்களே டாக்டர்" என்றார். "நானும் அதே வலியோடதான் உங்க வாசல்ல வந்து நின்னேன். அந்த விலாசத்தை எனக்கும் சொல்லியிருக்கலாமே."